மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பேருந்து

பெருமதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

அண்ணன் மகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அங்கே நீங்களும் சித்தியும் தம்பிகளும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். நலம் விசாரித்து முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம்.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் "ஹலோ சித்தப்பா" என்பதோடு என் பங்கு முடிந்துவிட்டது. அதற்கு மேல் நீங்கள்தான் பேசினீர்கள். மாடி அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, கட்டிலுக்குப் புது மெத்தை போட்டாகிவிட்டது, "உங்கப்பன் இனிமே ரோட்டையே பார்க்க வேண்டாம்டா, இங்க தெருவுல ஒரு சைக்கிள் போனாலே நாங்க எல்லாரும் எட்டிப் பார்ப்போம்" என்றீர்கள், ஞாயிறு காலை காரோடு வந்து அண்ணனை அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். கடிதத்தில் நடுவில் புகுந்து பேச முடியாது. அதனால் கடிதம். தயவுசெய்து முழுவதும் படியுங்கள். உங்கள் அன்பில் எனக்குக் குறை எதுவும் இல்லை. உங்களிடம் இருக்கும் தகவல்தான் பழையது. ஏழு வாரம் பழையது. அப்பா ரோட்டில் விழுந்தார், மூட்டில் அடி, மனசு விட்டுப்போச்சு, பெட்டி கட்டிவிட்டார் என்பது வரைதான் அம்மா உங்களிடம் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நம்பவும் இல்லை.

முதலில் அளவுகள். எங்கள் வாசலிலிருந்து எதிர்ப்பக்க நடைபாதை வரை முப்பத்தோரு மீட்டர். நானே நாடா பிடித்து அளந்தேன். அளந்து முடிப்பதற்குள் நாடாவின் மேல் நான்கு கார்கள் ஏறின. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் சாலையை ஆறு தடமாக அகலப்படுத்தியபோது வெள்ளைக் கோடுகளை அழித்தார்கள், மறுபடி போட மறந்துவிட்டார்கள், நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு திட்டு மட்டும் கட்டினார்கள். எதிர்ப்பக்கம் பொது நூலகம். அதன் பின்தெருவில் விசில் மாமா வீடு. விசில் மாமா யாரென்று உங்களுக்குத் தெரியும். அப்பா பேருந்து ஓட்டிய முப்பத்து மூன்று வருஷத்தில் பத்தொன்பது வருஷம் அதே வண்டியில் கண்டக்டராக இருந்தவர். பத்தொன்பது வருஷமும் அப்பா முன்னால் பார்த்தார், அவர் பின்னால் பார்த்தார், பேச்செல்லாம் விசிலில்தான். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. இருவரும் முகத்துக்கு முகம் உட்கார்ந்து சண்டை போட ஆரம்பித்ததே ஓய்வு பெற்ற பிறகு அந்த நூலகத்தில்தான். தினம் காலை பத்து மணிக்கு ஒரே செய்தித்தாளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, நூலகர் "பெரியவங்களே, மெதுவா" என்று கெஞ்சும் வரை சண்டை. அப்பாவுக்கு அதுதான் மருந்து, சாப்பாடு, உத்தியோகம், எல்லாம்.

நூலகத்துக்குப் போக வேறு வழி இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். இருக்கிறது. தொள்ளாயிரம் மீட்டர் நடந்தால் ஒரு சிக்னல் இருக்கிறது. அந்தத் தொள்ளாயிரம் மீட்டரில் நடைபாதையின் உயரம் சராசரி முப்பத்து நான்கு சென்டிமீட்டர், வீட்டுப் படிக்கட்டில் ஒரு படி பதினாறுதான், ஆக ஒவ்வொரு முறை ஏறும்போதும் அப்பா இரண்டு படியை ஒரே தாவாகத் தாவ வேண்டும், அப்படி ஏறிய இடத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும், இறங்க வேண்டும், மறுபடி ஏறினால் யாரோ கழற்றிப் போட்ட சாக்கடை மூடி, இறங்க வேண்டும், மறுபடி ஏறினால் பதினோரு பைக்குகள், நான் எண்ணினேன், மொத்தம் இருபத்து மூன்று தடை. எதிர்த் திசையில் போனால் நடைமேம்பாலம். அறுபத்து நான்கு படி ஏறி அறுபத்து நான்கு படி இறங்க வேண்டும், லிஃப்டின் கதவில் "விரைவில்" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள், அந்தத் தாளே மஞ்சளாகிவிட்டது. மூன்றாவது வழி, பஸ். ஆமாம் சித்தப்பா, எதிர்ப்பக்கம் போவதற்குப் பஸ். நாலேகால் கிலோமீட்டர் சுற்றி எதிர்ப்பக்கத்தில் இறக்கிவிடும். எதிரே இருக்கும் மருந்துக்கடைக்கு அம்மா அப்படித்தான் போய் வருகிறார். "தலைவலி மாத்திரை வாங்கப் போறப்ப எனக்குத் தலைவலி இருக்கறதில்லடா. வாங்கிட்டு வர்றப்பதான் வருது" என்கிறார்.

அப்பா பஸ்ஸில் போக மாட்டார். கண்ணுக்கு எதிரே தெரிகிற இடத்துக்குப் போகப் பஸ் ஏறுவது தொழிலுக்கே அவமானமாம். சரி, நடந்தே கடக்கலாம் என்றால் அதற்கும் அவருக்குத் தைரியம் இல்லை. "ஒருத்தனும் நிறுத்த மாட்டான்டா. எனக்குத் தெரியும். முப்பத்து மூணு வருஷம் நான் எவனுக்காவது நிறுத்தியிருக்கேனா?" இதை அவர் வருத்தத்தோடு சொன்னாரா பெருமையோடு சொன்னாரா என்று இன்று வரை எனக்குப் பிடிபடவில்லை.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் விசில் மாமாதான். எதிர்ப்பக்க ஓரத்தில் நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, இடைவெளி கிடைத்ததும் இரட்டை விசில் கொடுப்பார். அப்பா இறங்கி நடுத்திட்டு வரை வருவார். ஒற்றை விசில், நிற்பார். மறுபடி இரட்டை விசில், வந்து சேருவார். மூன்று வாரம் சிக்கல் இல்லாமல் நடந்தது. எனக்குத் தெரிந்திருந்தால் முதல் நாளே தடுத்திருப்பேன். ஏனென்றால் அந்த ஏற்பாட்டில் ஒரு அடிப்படைப் பிழை இருந்தது: விசில் ஒன்றுதான், ஆனால் அதைக் கேட்கிறவர் ஒருவரல்ல. எங்கள் வாசலுக்குப் பத்தடி தள்ளிப் பேருந்து நிறுத்தம். அன்றைக்கு அங்கே ஒரு பஸ் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. விசில் மாமா அப்பாவுக்காக இரட்டை விசில் கொடுத்தார். அப்பா இறங்கினார். பஸ்ஸும் கிளம்பிவிட்டது. அந்த டிரைவர் மேல் தப்பே இல்லை. போ என்று விசில் கேட்டது, போனார். அப்பா மேலும் தப்பில்லை. இரண்டு பேரும் விசிலுக்குக் கட்டுப்பட்டவர்கள். பிரேக் போட்டதில் பஸ் அப்பாவுக்கு ஒன்றரை அடி தூரத்தில் நின்றது. அப்பா பின்வாங்கப் போய் முட்டி தரையில் பட விழுந்தார். டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "யோவ் பெருசு! வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் சித்தப்பா. முட்டிக் காயம் எட்டு நாளில் ஆறிவிட்டது. அன்று அப்பா எப்படியோ எழுந்து நடுத்திட்டு வரை போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். விசில் மாமா அதிர்ச்சியில் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு இனி ஊத மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டார். அப்பா இந்தப் பக்கமும் வர முடியாமல் அந்தப் பக்கமும் போக முடியாமல் ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது, ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு, போகிற பஸ்களின் எண்களைப் படித்துக்கொண்டிருந்தார். "வலிக்குதாப்பா?" என்றேன். "அது என் வசனம்டா. வீட்ல சொல்லிட்டு வந்தியான்னு தினம் பத்து பேரையாவது கேட்டிருப்பேன். ஒருத்தனாவது வீட்ல உட்கார்ந்து அழுதிருப்பானோ?" என்றார். ஒருவழியாக வீட்டுக்கு அழைத்து வந்தேன். அன்று சாயங்காலம்தான் நீங்கள் பேசியது. நீங்கள் கூப்பிட்டீர்கள், அவர் "சரி, வரேன்" என்றார். அம்மா பயந்துபோனார். கல்யாணமான நாளிலிருந்து அப்பா எந்தக் கேள்விக்கும் முதல் தடவையிலேயே சரி என்று சொல்லி அம்மா கேட்டதில்லை. மறுநாள் காலை பெட்டி கட்டி வாசல் அறையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பத்து மணிக்கு விசில் மாமா எதிர்ப்பக்கம் வந்து நின்று கையை ஆட்டினார். இவரும் ஆட்டினார். பதினொன்று வரை இருவரும் ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

என் அலுவலகம் என்ன செய்கிறது என்று நீங்கள் ஒரு முறை கேட்டு, நான் சொல்ல ஆரம்பித்ததும் பேச்சை மாற்றினீர்கள். இப்போது சொல்கிறேன். சாலைத் துறையில் கணக்கெடுப்புப் பிரிவு. எந்த இடத்தில் சிக்னல் வேண்டும் என்பதை எண்ணிச் சொல்வது எங்கள் வேலை. மணிக்கு நூற்றிருபது பேர் நடந்து கடந்தால் அந்த இடத்தில் சிக்னல். எங்கள் வாசலில் எடுத்த கணக்கு பதினொன்று. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பிரிவுத் தலைவரிடம் போனேன்.

"அப்ப அங்க யாரும் கடக்கலை தம்பி" என்றார்.

"கடக்க முடியலை சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். கடக்கலை."

"சார், கதவே வைக்காத சுவர் முன்னாடி நின்னு எத்தனை பேர் உள்ள போறாங்கன்னு எண்ணிட்டு, யாரும் போகலை, கதவு தேவையில்லைன்னு எழுதற மாதிரி இருக்கு."

"கதவு நம்ம பிரிவு இல்லையே. அது கட்டடப் பிரிவு. வேணும்னா மறு கணக்கெடுப்புக்கு எழுதிக் குடுங்க. புதன்கிழமை ஒன்பதரைலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் பொட்டியை மாட்டிப் பார்ப்போம்."

பொட்டி என்று அவர் சொன்னது எண்ணும் கருவி. விளக்குக் கம்பத்தில் மாட்டினால் அதில் இருக்கும் கேமரா சாலையைப் பார்த்து, இது ஆள், இது பைக், இது கார், இது பஸ் என்று தானே பிரித்து எண்ணும். அதற்குப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். நாலாயிரம் படம் காட்டிக் கற்றுக்கொடுத்தேன். தனியாக நகர்ந்தால் ஆள். எட்டு மீட்டருக்கு மேல் நீளமாக, இரண்டு மீட்டர் அகலமாக, ஒரே வேகத்தில், கலையாமல் நகர்ந்தால் பஸ். மனிதர்கள் எண்ணினால் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள், கருவி பொய் சொல்லாது என்று போன மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவனும் நான்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விதியைப் படித்தேன். கடக்கிறவர் எதற்காகக் கடக்கிறார் என்று விதி கேட்கவில்லை. கடந்தவர் உடனே திரும்பி வரக் கூடாது என்றும் எழுதவில்லை. ஆகவே விசில் மாமாவிடம் பேசினேன். அவர் பழைய டிப்போ ஆட்களுக்கெல்லாம் ஃபோன் போட்டார். புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு எங்கள் வாசலில் இருபது பேர். ஓய்வு பெற்ற டிரைவர்கள் பன்னிரண்டு, கண்டக்டர்கள் எட்டு. விசில் மாமாவும் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார். எல்லோருக்கும் அம்மா டீ கொடுத்தார். நான் திட்டத்தை விளக்கினேன்: தனித்தனியாகக் கடக்க வேண்டும், சேர்ந்தவுடன் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். ஒருவரும் கடக்கவில்லை. ஓரத்தில் வந்து நிற்பார்கள், ஒரு காலை இறக்குவார்கள், ஹாரன் கேட்டதும் ஏறிவிடுவார்கள். "என்னய்யா இப்படி வர்றானுங்க, நாமெல்லாம் இப்படியா ஓட்டினோம்?" என்று ஒரு டிரைவர் கேட்டார். "இதை விட மோசம்" என்றார் பக்கத்தில் நின்ற கண்டக்டர். அரை மணி நேரத்தில் கடந்தவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் எங்கள் ஆட்களே இல்லை, வழிப்போக்கர்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஓய்வு பெற்றவர்களைப் பார்த்துச் சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன். அப்போது பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வெளியே வந்தார். விழுந்த பிறகு அன்றுதான் வாசல் தாண்டினார். சாலையை ஒரு நிமிஷம் பார்த்தார். "இப்படிப் பிச்சுப் பிச்சுப் போனா எவன்டா மதிப்பான்? எதிர்ல பெரிய வண்டி வந்தாத்தான் நிறுத்துவான். யோவ் கண்டக்டர், எல்லாரையும் ரெண்டு ரெண்டா நிறுத்துய்யா" என்றார்.

விசில் மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம் டிரைவரே. நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"எதிர்ப்பக்கம் நின்னு ஊத மாட்டேன்னுதானே பண்ணின? பின்னாடி நின்னு ஊது. உன் இடம் அதானே."

இரண்டு இரண்டு பேராகப் பதினோரு வரிசை. முன்வரிசையில் அப்பா, கடைசி வரிசையில் விசில் மாமா. நீளம் பத்து மீட்டர். பன்னிரண்டு டிரைவர்களுக்கும் முன்னால் நிற்க வேண்டும் என்று தகராறு வந்தது, எட்டு கண்டக்டர்களும் பின்னால் நிற்க வேண்டும் என்றார்கள், ஆக நடுவில் நிற்க ஆளில்லை. அம்மா வந்து இரண்டு அதட்டல் போட்ட பிறகு அடங்கினார்கள். நிறுத்தத்தில் பஸ் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு விசில் மாமா இரட்டை விசில் கொடுத்தார். அப்பா வலது கையை நீட்டினார். பஸ் கிளம்பியது. வேறு எப்படிச் சொல்வது? பஸ்தான் கிளம்பியது. லாரி நின்றது. லாரி நின்றதும் கார்கள் நின்றன. கார்கள் நின்றதைப் பார்த்துப் பைக்குகள் நின்றன. நின்றே தீர வேண்டும், சந்தே இல்லை. நடுத்திட்டை அப்பா முதலில் ஏறி, "திட்டு, திட்டு" என்று குரல் கொடுக்க, பதினோரு வரிசையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கின. பாதி வழியில், காய்கறிப் பையோடு நடுத்திட்டில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார். விசில் மாமா தன்னை மறந்துவிட்டார். "உள்ள போங்கம்மா, உள்ள போங்க. படியில நிக்காதீங்க."

எதிர்ப்பக்கம் சேர்ந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். வண்டியோடு ஒட்டி வந்திருந்த நான், திரும்பி வர வேண்டுமே, அப்படியே பின்புறமாகத் திரும்பி நடங்கள் என்றேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "பஸ்ஸை எவனாவது ரிவர்ஸ்லயே ஓட்டிட்டு வருவானா?" நடைபாதையில் பத்து மீட்டர் வண்டியை வளைத்துத் திருப்பி மறுபடி நேராக நிறுத்த ஒவ்வொரு முறையும் ஒரு நிமிஷம் ஆனது. "லெஃப்ட்ல ஒடி, ஒடி, இன்னும் ஒடி, போதும்" என்று பன்னிரண்டு பேரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்படியும் அந்த ஒரு மணி நேரத்தில் இருபத்து நான்கு நடை. இருபத்து நான்கை இருபத்திரண்டால் பெருக்குங்கள், ஐந்நூற்று இருபத்தெட்டு பேர். தேவை மணிக்கு நூற்றிருபது. நான் கால்குலேட்டரை அம்மாவிடம் காட்டினேன். அம்மா அதைப் பார்க்கவில்லை. எங்கள் வாசலில் நின்று விசில் மாமாவோடு கத்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது நடையில் யார் லேட்டாக்கினது என்று சண்டை.

மறுநாள் கருவியின் அறிக்கை வந்தது. நடந்து கடந்தவர்கள்: மூன்று.

கீழே இன்னொரு வரி இருந்தது. குறுக்கே சென்ற பேருந்துகள்: இருபத்து நான்கு. நீளம் பத்து மீட்டர். வேகம் மணிக்கு மூன்று கிலோமீட்டர். குறிப்பு: வண்டி பழுதாகியிருக்கலாம்.

எட்டு மீட்டருக்கு மேல், கலையாமல், ஒரே வேகத்தில். நான் கற்றுக்கொடுத்ததுதான். ஒரு எழுத்துப் பிசகாமல் கற்றிருக்கிறது. பிரிவுத் தலைவர் அந்தத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "என்ன தம்பி, அங்க ஒரு பஸ் ரூட்டே போகுது? யாரும் என்கிட்ட சொல்லலையே."

சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியாது, உங்களுக்குத் தெரியும். "சார், அது பஸ் இல்லை. எங்கப்பா" என்றேன்.

"யாரு?"

"எங்கப்பாவும் இருபத்தோரு பேரும் சார். பொட்டி தப்பா எண்ணிடுச்சு."

"பொட்டி பொய் சொல்லாதுன்னு போன மாசம் மீட்டிங்ல சொன்னது யாரு?"

"நான்தான் சார்."

"அப்புறம்?" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நடந்து போகிறவர்கள் என்றால் நூற்றிருபது வேண்டும், கூட்டம் வேண்டும், மூன்று மேசை தாண்ட வேண்டும். பஸ் என்றால் மணிக்குப் பத்து போதும், நேராகச் சிக்னல். பதினேழாவது நாள் கம்பம் நட்டுவிட்டார்கள். ஒன்றரை வருஷமாக ஒரு டப்பா வெள்ளைச் சாயம் ஊற்ற ஆளில்லாத இடத்தில் நான்கு கம்பம், பன்னிரண்டு விளக்கு. அதில் மூன்று விளக்கு எங்கள் வீட்டு கேட்டைப் பார்த்து எரிகிறது. கேட்டுக்குப் பின்னால் தெரு இருப்பதாக வரைபடத்திலும் ஏற்றிவிட்டார்கள். போன வாரம் ஒருவர் காரோடு உள்ளே வந்து, அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்த இடம் வரை ஓட்டிவிட்டு வழி கேட்டார்.

பச்சை சும்மா விழாது. அதே கருவிதான் கம்பத்தில் இருக்கிறது. குறுக்கே பஸ் வந்து நின்றால் மட்டும் பச்சை. ஆகவே தினம் காலை ஒன்பதே முக்காலுக்கு ஆட்கள் வந்து சேருகிறார்கள், விசில் மாமா மட்டும் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு வருகிறார், வரிசை கட்டுகிறார்கள், அப்பா கேட்டுக்கு முன்னால் வந்து நின்றதும் ஆறு தடமும் சிவப்பு. மத்தியானம் ஒரு மணிக்குத் திரும்பும் வண்டி. இந்தப் பகுதியில் கடக்க வேண்டியவர்களெல்லாம் நேரம் தெரிந்து வந்து நிற்கிறார்கள். மருந்துக்கடைக்கு அம்மா இப்போது இதில்தான் போகிறார், நான்காவது வரிசையில். சக்கர நாற்காலியில் வரும் ஒரு தையல்காரர் இருக்கிறார், அவருக்காக நடுத்திட்டில் நான்கு பேர் தூக்குகிறார்கள். திட்டை அந்த இடத்தில் வெட்டிவிடச் சொல்லி நான் எழுதியிருக்கிறேன், பஸ் எளிதாகத் தாண்டுவதற்கு என்று காரணம் காட்டியிருக்கிறேன், கிடைத்துவிடும்.

இது சரியான ஏற்பாடா என்று கேட்காதீர்கள். இல்லை. ஒரு மனிதன் தன் வாசலிலிருந்து முப்பத்தோரு மீட்டர் நடப்பதற்குத் தன்னைப் பஸ் என்று நிரூபிக்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு, அதை நான் எழுத்தில் கொடுத்து அதற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு தாளும் வந்திருக்கிறது. ஆனால் அப்பா பெட்டியைப் பிரித்துவிட்டார் சித்தப்பா. நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான், இதற்குத்தான் இத்தனை பக்கம். சட்டைகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கிவிட்டார். காலையில் எட்டரைக்கே குளித்துவிட்டு, காக்கிச் சட்டை இல்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். அவரை உங்கள் தெருவுக்குக் கொண்டுபோய், சைக்கிளை எட்டிப் பார்க்கும் மாடி அறையில் உட்கார வைத்தால் மூன்று மாதம் தாங்க மாட்டார். உங்கள் மெத்தை நல்ல மெத்தைதான். அவருக்கு இப்போது தேவை மெத்தை இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, வர வேண்டாம்.

சித்தியின் கால் வலி குறைய வேண்டுகிறேன். தம்பிகள் இருவரும் நன்றாகப் படித்து, என் துறையைத் தவிர வேறு எந்தத் துறையிலாவது சிறப்பாக வர வாழ்த்துகிறேன். அம்மா உங்கள் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். அப்பா எதுவும் சொல்லவில்லை, வண்டியில் இருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணன் மகன்

பின்குறிப்பு: மேலே உள்ளது திங்கட்கிழமை எழுதியது. இன்று புதன். தபாலில் சேர்ப்பதற்குள் ஒன்று நடந்துவிட்டது. நேற்றுக் காலை வண்டி வழக்கம்போல் எதிர்ப்பக்கம் போனது. அங்கே நிஜமான ஒரு சுற்றுலாப் பஸ் வந்து நின்று, டிப்போ ஆட்கள் இருபது பேரையும் ஏற்றிக்கொண்டு பத்து நாள் பயணமாகப் போய்விட்டது. மாதக் கணக்கில் போட்டு வைத்த திட்டமாம், எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. வேறு ஒருவன் ஓட்டும் வண்டியில் ஏற மாட்டேன் என்று அப்பா நின்றுவிட்டார், அவர் ஏறாத வண்டியில் ஏற மாட்டேன் என்று விசில் மாமாவும் நின்றுவிட்டார். இரண்டு பேர் பஸ் ஆக மாட்டார்கள். பச்சை விழவில்லை. நேற்று முதல் அப்பா விசில் மாமா வீட்டில் இருக்கிறார். காரில் சுற்றி அழைத்து வரப் போனேன், "எதிர்வீட்டுக்குக் கார்ல வர நான் என்ன மூட்டையா? போனபடிதான் வருவேன்" என்கிறார். கருவியை மாற்றி எழுத எனக்கு இரண்டு நிமிஷம் போதும், ஆனால் மாற்றினால் மறு கணக்கெடுப்பு, மறு கணக்கில் பஸ் இல்லை என்று தெரிந்தால் கம்பத்தையே பிடுங்கிவிடுவார்கள். அக்கம்பக்கத்தில் கேட்டேன், நடக்கத் தயாராக இருப்பவர்கள் நான்கு பேர், அவர்களும் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். கார் போதாது, வேன் எடுங்கள். சித்தி, தம்பிகள், சித்தியின் தங்கைகள், உங்கள் தெருவில் எட்டிப் பார்க்கும் அத்தனை பேர், குறைந்தது பதினாறு பேர் வேண்டும். எங்கள் வாசலுக்கு வர வேண்டாம், நூலகத்துப் பக்கம் வாருங்கள். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். காலை பத்து மணிக்கு எடுப்பாராம், சித்திக்குக் கால் வலி என்பதால் இரண்டாவது வரிசை ஒதுக்கியிருக்கிறார், நீங்கள் தம்பி என்பதற்காகவெல்லாம் முன்னால் இடம் கிடையாது என்று குறிப்பாகச் சொல்லச் சொன்னார்.